சுடாத கை

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், எனக்கு எட்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது, மாம்பலத்து வீட்டுக் குழாயடியில் வழுக்கி விழுந்தேன். இடுப்பில் தவலை இருந்தது. வயிற்றைக் காப்பாற்றிக்கொள்ள வலது கையை ஊன்றினேன். வளைகாப்பு முடிந்து அதிக நாள் ஆகவில்லை. கை நிறையக் கண்ணாடி வளையல். பாதி வளையல் நொறுங்கி, ஒரு துண்டு உள்பக்கத்து மணிக்கட்டில் ஆழமாக ஏறிவிட்டது.

வயிற்றிலிருந்த பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் எல்லோரும் சாமிக்கு விளக்கேற்றிக் கும்பிட்டார்கள். கையை யாரும் பெரிதாக நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. தெருமுனை டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் கண்ணாடியைப் பிடுங்கி எடுத்துத் தையல் போட்டு, மஞ்சள் மருந்து தடவிக் கட்டினார். விரலை மடக்கச் சொன்னார், மடக்கினேன். நீட்டச் சொன்னார், நீட்டினேன். எல்லாம் வேலை செய்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். காயம் ஆறினதும் என் மாமியார் வளையல்காரரை வரச்சொல்லி, உடைந்ததற்குப் பதில் புதிது போடவைத்தார். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளை பிறக்கும்வரை இரண்டு கையிலும் சத்தம் கேட்க வேண்டும் என்பது அத்தையின் கண்டிப்பு.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப் போயிருந்தன. சோற்றைப் பிசைந்தால் விரலில் சோறு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். கோலம் போட உட்கார்ந்தால் மாவு விரலிடுக்கிலிருந்து எப்போது விழுந்து முடிந்தது என்று தெரியாது. புண் ஆறினால் சரியாகிவிடும் என்றிருந்தேன். புண் ஆறியும் சரியாகவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது? எனக்கு அம்மா இல்லை. அப்பா திருநெல்வேலிப் பக்கம் இருந்தார். பிரசவத்துக்குக்கூட அதனால்தான் ஊருக்குப் போகவில்லை. வீட்டுக்காரரிடம் அத்தை எதிரில் பேசும் வழக்கம் கிடையாது. தனியாக இருக்கும்போது பேச நினைத்தால் எனக்கு வாய் வராது. அந்தக் காலத்தில் நான் அப்படித்தான். இப்போதும் பெரிதாக மாறிவிடவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. அத்தையின் மூக்கு, அத்தையின் நெற்றி. அத்தைக்குத் தரையில் கால் பாவவில்லை. தீட்டுக் கழிந்து நான் அடுப்படிக்குப் போக ஆரம்பித்தேன்.

அங்கேதான் எனக்கு நல்ல பெயர் கிடைத்தது. கொதிக்கிற பாத்திரத்தைத் துணி பிடிக்காமல் இறக்கிவைப்பேன். அடுப்பிலிருந்து விழுந்த நெருப்புக் கங்கை விரலால் எடுத்து உள்ளே போடுவேன். தோசைக்கல்லில் ஒட்டினதை நகத்தால் பெயர்ப்பேன். எனக்குச் சுடுவதில்லை, அவ்வளவுதான். அத்தை அதைத் திறமை என்று நினைத்தார். எங்களுக்குப் பாத்திரக் கடை. கடை சம்பந்தமாக ஊர்க்காரர்களின் வீட்டுப் பெண்கள் வருவார்கள். அவர்களிடம் அத்தை சொல்லுவார்:

"எங்க வீட்டு மருமவ கையப் பாருங்க. ஒலைப்பானைய வெறுங்கையால எறக்குதா. இப்ப உள்ள பிள்ளைக காப்பி தம்ளருக்கே முந்தானையத் தேடுதுவ."

"குடுத்து வச்சவங்க நீங்க" என்பார்கள் அவர்கள்.

என்னை அதுவரை யாரும் எதற்காகவும் புகழ்ந்ததில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. ஆட்கள் வந்திருக்கும்போது கொஞ்சம் கூடுதலாகவே வெறுங்கையால் இறக்குவேன்.

பால்காரம்மாதான் முதலில் கண்டுபிடித்தவள். ஒரு நாள் காலையில் பாலுக்குப் பாத்திரத்தை நீட்டினேன். அவள் ஊற்றாமல் என் விரலையே பார்த்தாள்.

"இன்னாம்மா இது? இம்மாம் பெரிய கொப்புளம் கீது!"

அப்போதுதான் நானும் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் திராட்சைப் பழம் போல் நீர் கோத்து நின்றது. எப்போது சுட்டது என்று தெரியவில்லை.

"வலிக்கலியா?"

"இல்ல."

பால் அளக்கும் படியின் விளிம்பால் கொப்புளத்தை அழுத்தினாள். "இப்ப?"

"இல்லையே."

அவள் தன் கையைச் சட்டென்று இழுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "பெரிம்மா, இப்டி கொஞ்சம் வா" என்று அத்தையை வாசலுக்குக் கூப்பிட்டாள். மெதுவாகத்தான் பேசினாள், ஆனால் கேட்டது. "தப்பா நெனச்சுக்காத. எங்க பேட்டைல ஒர்த்தனுக்கு இப்டிதான் ஆரம்பிச்சுது. சுட்டா தெரியாது. பொறவு வெரலே பூட்ச்சி. அதான், பெரிய வியாதி. கைக்கொழந்த கீற வூடு, பாத்துக்க."

குஷ்டம் என்ற சொல்லை அன்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பெரிய வியாதி என்றால் எல்லோருக்கும் புரியும்.

அத்தை கத்தவில்லை. நேராக உள்ளே வந்து, என் மடியிலிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து ஓர் ஏற்பாடு. பால் கொடுக்க மட்டும் பிள்ளையைக் கொண்டுவருவார். என் வலது கையில் பழைய வேட்டித் துணியைச் சுற்றியிருக்க வேண்டும். பிள்ளையின் தலையை அத்தையே தாங்கிக்கொள்வார். குடித்து முடித்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். குளிப்பாட்டுவது, சாம்பிராணி காட்டுவது, தொட்டில் ஆட்டுவது எல்லாம் அவர்தான். எனக்குத் தட்டு தனி, தம்ளர் தனி. அடுப்படிக்கு வர வேண்டாம் என்றார்.

வீட்டுக்காரரிடம் நான் இருக்கும்போதே சொன்னார்: "ஏல, இவள இவ அப்பா வீட்டுக்கு அனுப்பிரு. பிள்ளை இங்க இருக்கட்டும். ஒண்ணுமில்லைன்னு ஆயிட்டா நானே போய்க் கூட்டிட்டு வாரேன்."

"பால்குடிப் பிள்ளைய விட்டுட்டு எப்படிம்மா போவா? டாக்டர்ட்ட காட்டுவோம். பொறவு பாக்கலாம்."

"டாக்டரு என்னத்தச் சொல்லப்போறாரு? ஊருக்குத் தெரிஞ்சா நம்ம கடையில எவன் சோறாக்கப் பாத்திரம் வாங்குவான்? அத யோசிச்சியா?"

அத்தை சொன்னது பொய்யில்லை. அந்தப் பெயர் ஒட்டிவிட்டால் கடையையும் மூட வேண்டியதுதான். அதனால் அத்தையைக் குறை சொல்ல எனக்கு அன்றும் தோன்றவில்லை. குழந்தை பக்கத்து அறையில் அழும்போது மட்டும் எழுந்து நின்றுவிடுவேன். பிறகு உட்கார்ந்துகொள்வேன்.

மின்சார ரயிலில் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். சண்டையின்போது பர்மாப் பக்கம் பட்டாளத்தாருக்கு வைத்தியம் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்த ஒரு டாக்டரிடம் அனுப்பினார்கள். நடுத்தர வயது. சுற்றிலும் டாக்டருக்குப் படிக்கிற பையன்கள். அத்தனை ஆண்கள் நடுவில் என் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கு உயிர் போகிற மாதிரி இருந்தது.

"கண்ண மூடிக்கோம்மா. குண்டூசியால தொடுவேன். தெரிஞ்சா சொல்லு" என்றார். "தெரியுதா?"

"ம்."

"இப்ப?"

"ம்."

"இப்ப?"

"ம்."

பையன்கள் சிரித்தார்கள். "கண்ணத் திற" என்றார் டாக்டர். குண்டூசி மேஜைமேல் கிடந்தது. அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"பெரியவங்க கேட்டா இல்லேன்னு சொல்லக் கூடாதுன்னு வீட்டுல சொல்லிக் குடுத்தாங்களா? இங்க மரியாதையெல்லாம் வேண்டாம். இல்லேன்னா இல்லேன்னு சொல்லு."

இரண்டாம் தடவை ஒழுங்காகச் சொன்னேன். மூன்று விரலும், உள்ளங்கையில் அந்தப் பக்கமும் இல்லை. சுண்டு விரலில் சுருக்கென்றது. பிறகு முழங்கையைத் தடவிப் பார்த்தார், காதுமடலைப் பார்த்தார், முதுகில் தேமல் உண்டா என்று ஒரு நர்ஸை விட்டுப் பார்க்கச் சொன்னார். கடைசியில் மணிக்கட்டுத் தழும்பைப் பார்த்து, "இது என்ன?" என்றார்.

வீட்டுக்காரர், "அது ஒண்ணுமில்ல சார். வளையல் குத்தினது. ஆறிப்போச்சு. நாங்க வந்தது விரலுக்கு" என்றார்.

டாக்டர் தழும்பின்மேல் விரல் நுனியால் தட்டினார். முழங்கை இடித்தால் சுரீரென்று ஓடுமே, அந்த மாதிரி ஓடியது. "ஐயோ" என்றுவிட்டேன்.

"இது குஷ்டம் இல்ல" என்றார் டாக்டர். அந்தச் சொல்லை அவர் சர்வசாதாரணமாகச் சொன்னார். "கண்ணாடி நரம்ப அறுத்திருக்கு. விரல மடக்கறது வேற கயிறு, அது பொழச்சுது. அதனாலதான் யாருக்கும் தெரியல. இந்தப் பொண்ணும் வாயத் திறக்கல."

வெட்டுப்பட்ட இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தால் நரம்பு வளரும் என்றார். தைத்த உடனே சரியாகாது. தையலுக்குக் கீழே இருக்கிற நரம்பு செத்துப்போய் வெறும் குழாய் மாதிரி ஆகிவிடுமாம். மேலேயிருந்து புதிதாகத் துளிர்விட்டு, அந்தக் குழாய்க்குள் புகுந்து விரல் நுனிவரை ஊர்ந்து வர வேண்டுமாம். "நகம் வளர்ற வேகத்துல வரும்னு வெச்சுக்கோ. மாசக்கணக்காகும். பொறுத்திருக்கணும்."

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரர் இதைச் சொன்னார். அத்தை நம்பவில்லை. "மணிக்கட்டுல குத்தினா விரல் நுனி எப்படிலே மரக்கும்? சுமங்கலி கூடிப் போட்ட வளையல் கெடுதல் பண்ணுமா?" என்றார். வளையல்மேல் பழி வந்தது அவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். "சரி, தைக்கட்டும். உணர்ச்சி வருதான்னு பாப்போம். வந்துட்டா அன்னைக்கே பிள்ளைய இவ மடியில போடுதேன். வரலைன்னா இவ அப்பா வீட்டுக்குப் போவணும். அப்ப நீ குறுக்க பேசக் கூடாது."

தைத்தார்கள். மணிக்கட்டை உள்பக்கம் மடக்கி, நரம்பு இழுபடாமல் மாவுக்கட்டுப் போட்டார்கள். பெண்கள் வார்டில் படுத்திருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சித்தாள். சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். வார்டு முழுக்க அவள் பேச்சுத்தான். நான் வாயைத் திறக்காததால் எனக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

"உனுக்கு கை இல்ல, எனுக்கு காலு இல்ல. ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு பொம்பள. இன்னா சொல்ற?"

நான் சிரித்தேன்.

"சிரிக்கிறியே, அதயே உன் மாமியாகிட்ட சிரிக்கிறது! வளையல்தான் குத்துச்சு, வியாதி கெடையாதுன்னு நறுக்குனு சொல்றத விட்டுட்டு, ஊமைக்கோட்டான் மாதிரி குந்திகினு கீற."

ஒரு நாள் டாக்டர் பையன்களோடு வந்து என் கட்டைப் பார்த்துவிட்டு அவர்களுக்குப் பாடம் சொன்னார். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். துளிர் விடுகிற நரம்புக்கு வழி எப்படித் தெரிகிறது என்று ஒரு பையன் கேட்டான். டாக்டர் சொன்னார்: "கீழ இருக்கிற சதையிலேருந்து ஏதோ ஒரு சத்து அதைக் கூப்பிடுதுன்னு சில பேர் சொல்றாங்க. என்னன்னு யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா பாட்டில்ல போட்டுக் குடுத்துடலாமே!"

சித்தாள் தலையைத் தூக்கினாள். "டாக்டரய்யா, என் நரம்பும் அப்டி வளருமா?"

அவர் அவள் கட்டில் பக்கம் வந்தார். பிறகு, "கையில வளரும்மா. முதுகுத்தண்டுக்குள்ள வளர்றதில்ல. ஏன்னு தெரியல" என்றார்.

"அப்ப அந்த பாட்டிலு வந்தா எனுக்கு மொதல்ல குடு. இந்தப் பொண்ணுக்கு அப்பால குடுக்கலாம். அதுக்குத்தான் தானாவே வளருதே."

பையன்கள் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "சரிம்மா, உனக்குத்தான் முதல்ல" என்றார். அவர்கள் போன பிறகு அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று முழுக்கப் பேசவில்லை. மறுநாள் மறுபடி ஆரம்பித்துவிட்டாள்.

நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். பேப்பரை எழுத்துக் கூட்டாமல் படிப்பேன், ஆனால் மெதுவாகப் படிப்பேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் இந்த விஷயத்தைப் பற்றிப் போட்டிருந்தார்கள். நரம்பை வளரத் தூண்டும் பொருள்கள் உடம்பிலேயே இருக்கின்றனவாம். வளர்ச்சிக் காரணி என்று பெயர் கொடுத்திருந்தார்கள். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு அதை மருந்தாகக் கொடுக்க முடியுமா என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்களாம். மனிதர்களுக்குக் கொடுத்து நடக்கவைக்கிற அளவுக்கு இன்னும் வரவில்லை என்றும் எழுதியிருந்தது. அதை இரண்டு தடவை படித்தேன். அந்த நாளில் நான் கட்டுப் பிரிக்க மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தக் கட்டிலில் வேறொருத்தி இருந்தாள். சித்தாள் எங்கே என்று நர்ஸிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நரம்பைத் தைத்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது எனக்குப் பால் ஏறக்குறைய வற்றிவிட்டது. பிள்ளைக்குப் பசும்பால் பழகிப்போயிருந்தது. அதனால் கொஞ்ச நேரம் மடிக்கு வந்துகொண்டிருந்ததும் நின்றது. அத்தை அதைச் சொல்லிக்காட்டவில்லை.

வளர்ச்சியைக் கண்டுபிடிக்க டாக்டர் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். விரல் நுனியிலிருந்து மேல்நோக்கித் தட்டிக்கொண்டே வர வேண்டும். எந்த இடத்தில் தட்டும்போது சுரீரென்கிறதோ, அதுவரை துளிர் வந்துவிட்டது என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. வீட்டுக்காரர் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்துத் தட்டுவார். சுரீரென்ற இடத்தில், கடையில் பாத்திரத்துக்கு எடை எழுதுகிற ஊதாப் பென்சிலை எச்சில் தொட்டுப் புள்ளி வைப்பார். பட்டப்பகலில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு வெட்கமாக இருக்கும். அத்தை அந்தப் பக்கமாகப் போகும்போது, "ஜோசியம் பாத்தாச்சா?" என்பார்.

புள்ளி மணிக்கட்டிலேயே வெகுநாள் நின்றது. பிறகு உள்ளங்கை மேட்டில் ஏறியது. பிறகு அப்படியே நின்றுவிட்டதாகத் தோன்றியது. தட்டினால் சுரீரென்றதே தவிர, சும்மா தொட்டால் ஒன்றும் தெரியாது. கையில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். பார்த்தால் எறும்பு இருக்காது. இதற்குள் பிள்ளை குப்புற விழுந்து, தவழ ஆரம்பித்துவிட்டாள். என்னைப் பார்த்தால் வேகமாகத் தவழ்ந்து வருவாள். அத்தை ஓடிவந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிடுவார். அவள் வீல் என்று கத்துவாள். நான் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இடது கையால் அவளுக்கு டாட்டா காட்டுவேன்.

தீபாவளி கழிந்ததும் அத்தை பொறுமை இழந்தார். ஊருக்குப் போகிற ஒருவரிடம் அப்பாவை வரச்சொல்லி அனுப்பிவிட்டார். அப்பா வந்து இறங்கினார். பலகாரம்கூடச் சாப்பிடாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். என் தகரப்பெட்டியை அத்தையே எடுத்து வாசல் பக்கத்தில் வைத்தார்.

"அண்ணாச்சி, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. பிள்ளைய நான் நல்லா வளப்பேன்" என்றார்.

அப்பா, "நீங்க பாத்துச் செய்யுங்க தங்கச்சி" என்றார். வேறு என்ன சொல்வார்?

வீட்டுக்காரர் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். குறுக்கே பேச மாட்டேன் என்று ஒப்புக்கொண்டவர். ஆனால் அன்று பேசினார். "உணர்ச்சி வருதான்னு பாப்போம்னு சொன்னிய. இன்னைக்கு வரைக்கும் நீங்க ஒரு தடவகூடத் தொட்டுப் பாக்கலையே. பாத்துட்டு அனுப்புங்க."

அத்தை என் எதிரே வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தார். பால்காரம்மா சொன்ன நாளிலிருந்து அவர் என் கையைத் தொட்டதில்லை. "ஏட்டி, கண்ண மூடு" என்றார். மூடினேன். துணியை அவிழ்த்தார்.

ஏதோ ஒன்று மங்கலாகத் தெரிந்தது. கனமான போர்வைக்கு வெளியிலிருந்து யாரோ தொடுகிற மாதிரி.

"எந்த விரலு?"

"நடுவிரல்."

"பாத்தியளா? நான் தொட்டது கட்டைவிரல." மறுபடி தொட்டார். "இது?"

"கட்டைவிரல்."

"ஆள்காட்டி விரலு" என்றார் அத்தை. அப்பா செருமுவது கேட்டது. எனக்கு அழுகை வந்தது. தைத்த இடத்தைத் தாண்டுகிற துளிர், தன் பழைய குழாய் எது என்று தெரியாமல் கிடைத்த குழாயில் நுழைந்துவிடும், அதனால் விரல் மாறித் தெரியும் என்று டாக்டர் பிறகுதான் சொன்னார். அன்று எங்கள் வீட்டில் அது யாருக்கும் தெரியாது.

அத்தை கையை விடவில்லை. நகத்தை வைத்து நறுக்கென்று கிள்ளினார்.

"ஆ! அத்த, வலிக்கு!" என்று கத்திவிட்டேன். அந்த வீட்டில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"வலிக்கா? எங்க வலிக்கு?"

"எங்கன்னு தெரியல. ஆனா வலிக்கு. விடுங்க."

அத்தை விட்டுவிட்டார். கண்ணைத் திறந்தேன். அவர் என் விரல்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு யாரிடம் என்றில்லாமல், "அந்த வியாதின்னா எடம் மாறியும் தெரியாதே" என்றார். முழங்காலில் கையூன்றி எழுந்து உள்ளே போனார். தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கிவந்து என் மடியில் போட்டார்.

"துணி சுத்த வேண்டாம். சும்மா பிடி" என்றார். அப்பாவிடம் திரும்பி, "அண்ணாச்சி, எந்திரிச்சுக் கையக் கழுவுங்க. எல போடுதேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

பிள்ளை தூக்கக் கலக்கத்தில் சிணுங்கினாள். அவள் கன்னத்தைக் கட்டைவிரலால் தொட்டேன். நடுவிரலில் தெரிந்தது.